மூன்றாவது முறை

பல் மருத்துவர் ஒருவர் மூடிவிட்டுப் போன கிளினிக்கிலிருந்து
நாற்பது யூரோவுக்கு ஒரு கம்ப்யூட்டர்.
மூடியைக் கழற்றினால் விசிறியில் இன்னும் கிராம்பு வாசம்.
தந்தி வாத்தியமெல்லாம் இதற்குள்தான் என்றாள் ஊர்வே.
பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதினாள்: கடைவாய்ப்பல்.
புதியதற்குப் பெயர் வைக்கவில்லை.
அது கடனில் வந்தது.

தார்த்து நகரில் அன்று மைனஸ் பத்தொன்பது.
ஆறு கெட்டிப்பட்டு, அதன்மேல் யாரோ
நாயை நடத்திக்கொண்டு போனார்.
நான் ஊர்வேயின் சாப்பாட்டு மேசைக்கடியில்.
வாயில் இரண்டு திருகாணி, கையில் கேபிள்.
பகலில் நூலகத்துப் பிரிண்டர்களைப் பழுதுபார்ப்பவன்.
ஓபோவும் கிளாரினெட்டும் எனக்கு
கோப்பின் பெயரில் மட்டும் வேறு வேறு.

"முதல் வயலின் பதினாறு பேர்," மேலிருந்து குரல்.
"ரேம் தாங்குமா?"
தாங்கும்.
வயோலாவரை தாங்கும்.
டபுள்பாஸ்காரர்கள் உள்ளே வரும்போது
கடைவாய்ப்பலுக்கு மூச்சு வாங்கும்.
"அப்படியானால் ஹார்ப்பை வெளியே நிற்கவை.
கூப்பிடும்போது வரட்டும்."

எழுநூற்று எண்பது ஜிபி.
மூன்று இரவு சொட்டுச்சொட்டாக இறங்கியது இசைக்குழு.
குழல்கள் வந்துவிட்டன. டிரம்பெட்டுகள் வந்துவிட்டன.
பிரெஞ்சுக் கொம்புகள் அறுபத்தொன்றாம் சதவீதத்தில்
அசையாமல் நின்றன.
மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.
"தம்பி ரொமெட், அரைமணி நேரம் விளையாட்டை நிறுத்து.
கொம்புகள் இறங்கவேண்டும்."
என் தலையில் கொம்பு இருக்கிறதா என்று
பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.
ஆனால் நிறுத்தினான்.

பிறகு சோதனை.
ஒவ்வொரு சுரத்தையும் நாலு முறை
வாசித்து வைத்திருக்கிறார்கள்,
இயந்திரம் இயந்திரமாகக் கேட்கக் கூடாதென்று.
வயோலா, மிக மெதுவாக, எஃப் ஷார்ப்.
முதல் முறை சுத்தம்.
இரண்டாம் முறை சுத்தம்.
மூன்றாம் முறை
ஒரு நாற்காலி முனகியது.

நான்காவது சுத்தம்.
மறுபடி முதலாவது, இரண்டாவது,
நாற்காலி.

"இரண்டே க்ளிக், எடுத்துவிடலாம்," என்றேன்.
"இரு ஐனார்."
அரைமணி நேரம் அதையே அழுத்திக்கொண்டிருந்தாள்.
காசு கொடுத்து வாங்கிய பத்தாயிரம் ஒலிகளில்
காசு வாங்காமல் வந்தது இது ஒன்றுதான்.
எந்த ஊர் அரங்கமோ.
நாள் முழுக்க ஒரே சுரத்தை
மூச்சை அடக்கி வாசிக்கச் சொன்னால்
யாருக்குத்தான் இடுப்பு பிடிக்காது?
பருமனான ஆள் என்றாள் அவள்.
புதுச் செருப்பு கடித்திருக்கும் என்றேன் நான்.
அதில் ஒரு சண்டை. அன்று வேலை அதோடு சரி.

படம், ஹியூமா தீவுக்குப் போகும் பனிப்பாதையைப் பற்றியது.
கடல் உறைந்தபின் கார்கள் அதன்மேல் ஓடும்,
சீட் பெல்ட் போடாமல்.
உடைந்தால் குதித்துத் தப்பிக்கவேண்டும் அல்லவா.
தினம் காலையில் ஒருவர் பனியைத் துளையிட்டு
அளவுகோலை விட்டுப் பார்ப்பார்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர், போகலாம்.
இருபது, வேண்டாம்.
அவர் குனியும் காட்சிக்கு
ஊர்வே எஃப் ஷார்ப்பாக எழுதினாள்,
விரல்விட்டு எண்ணி,
மூன்றாவது எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்து.

இயக்குநர் மெரிகே வந்தாள்.
மேல்கோட்டைக் கழற்றாமல் கேட்டாள்.
கூரான முகம், எதையும் சட்டென்று பாராட்டாது.
முடிந்ததும் சொன்னாள்:
"இசை நீளம். குறை.
ஆனால் அந்தப் பனி விரியும் சத்தம்,
அதைத் தொடாதே.
எங்கே பதிவு செய்தீர்கள்?"

ஊர்வே என்னைப் பார்த்தாள்.
நான் திருகாணி எதையோ தேடி
மேசைக்கடியில் போய்விட்டேன்.

மார்ச்சில் லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்தது.
திரையில் ஒரு வரி:
"வயோலா ஒலிகளில் தேவையற்ற சத்தங்கள் நீக்கப்பட்டுள்ளன.
இப்போதே நிறுவவா?"

கடைவாய்ப்பலின் பின்பக்கம் கைவிட்டு
இணையக் கேபிளைப் பிடுங்கினேன்.
இன்றுவரை சொருகவில்லை.
அதன் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கிவிட்டது,
ஓடட்டும்.